வடிசாலை வாயிலில் முடியும் ஓட்டம்

ஓடுதல் மனிதனுக்கு மிகப் பழைய தொழில். இரை தேடி ஓடினான். பகைக்கு அஞ்சி ஓடினான். செய்தி கொண்டு ஓடினான். இத்தேவைகளைப் பொறிகள் ஏற்றுக்கொண்ட பின்னரும் அவன் ஓட்டத்தைக் கைவிட்டானல்லன். ஒருவன் பணங் கட்டிப் பெயர் பதிகிறான். மார்பிலே ஓர் இலக்கத்தைக் குத்திக்கொள்கிறான். ஆயிரக்கணக்கானவரோடு தெருவில் இறங்குகிறான். முதலிடம் தனக்குக் கிட்டாதென்பதை அவன் நன்கறிவான். ஆயினும் ஓடுகிறான். தான் கட்டிய பணமும் தன் பொருட்டுப் பிறர் தந்த பணமும் ஒரு மருத்துவமனைக்கோ, பசித்த குடும்பத்துக்கோ, சிறுவர் இல்லத்துக்கோ போய்ச் சேரும் என்ற எண்ணமே அவன் கால்களுக்கு வலுவூட்டுகின்றது. அறக்கொடை ஓட்டம் எனப்படுவது இதுவே. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலை நாடுகளிற் பரவிய சமூக வழக்கங்களுள் இது குறிப்பிடத்தக்கது.

இத்தகைய ஓட்டத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் வேண்டும். கூடி நிற்பதற்கு ஒரு முற்றமும் வேண்டும். பாடசாலையோ தேவாலயமோ நகரமண்டபமோ அம்முற்றத்தைக் கொடுப்பின் எவரும் வியப்புறார். ஆனால் ஐக்கிய அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பல ஊர்களில் அம்முற்றத்தைக் கொடுப்பது உள்ளூர்ப் பியர் வடிசாலையாகும். ஓட்டம் வடிசாலையின் வாயிலிலே தொடங்கும். அன்றேல் அங்கே வந்து முடியும். ஓடி முடித்தவருக்கு ஒரு பதக்கமும் ஒரு குவளை பியரும் கிடைக்கும். செலவு போக எஞ்சிய பணம் அவ்வூரின் அறப்பணி ஒன்றுக்குச் செல்லும். ஒரு கையில் அறம், மறுகையில் மது. தமிழ் வாசகருக்கு இது முரணாகத் தோன்றுதல் இயல்பே. அம்முரண் மெய்யானதா, வெறுந் தோற்றமா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அமெரிக்காவில் இவ்வழக்கம் வேரூன்றிய சூழலை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும். அந்நாட்டில் 1920 தொடக்கம் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அது நீங்கிய பின்னரும் சிறிய வடிசாலைகள் தலையெடுக்க முடியவில்லை. பெரிய கம்பனிகள் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டன. 1970களின் இறுதியில் நாடு முழுவதிலும் நூற்றுக்குக் குறைந்த வடிசாலைகளே எஞ்சியிருந்தன. 1978 ஒக்டோபரில் சனாதிபதி ஜிம்மி காட்டர் கையொப்பமிட்ட சட்டமொன்று, வீட்டுத் தேவைக்கென வரியின்றிப் பியர் காய்ச்சுவதை அனுமதித்தது. வீட்டு அடுப்பிலே காய்ச்சிப் பழகியவர்களுட் சிலர் பின்னர் அதனையே தொழிலாக்கினர். இன்று அங்குள்ள வடிசாலைகள் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுட் பெரும்பாலானவை சிறியவை. தம் ஊரிலே காய்ச்சித் தம் ஊரிலே விற்பவை. அயலவர் வந்தாற்றான் அவற்றுக்கு வாழ்வு. ஆகவே அயலவர் கூடும் நிகழ்ச்சிக்கு அவை முற்றத்தைத் திறந்துவிடுதல் தாராள மனத்தின் செயல் மட்டுமன்று, பிழைப்பின் தேவையுமாகும். இதனை மறைக்க வேண்டியதில்லை. கொடையும் பிழைப்பும் ஒரே வாயிலால் நுழைவது உலகத்துக்குப் புதிதன்று.

* * *

சட்டம் பிறந்த அதே 1978ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தின் யூற்றிக்கா நகரில் ஓர் ஓட்டமும் பிறந்தது. ‘பொயிலர்மேக்கர்’ என்பது அதன் பெயர். கொதிகலஞ் செய்பவன் என்பது அச்சொல்லின் பொருள். பதினைந்து கிலோமீற்றர் தூரங் கொண்ட அவ்வோட்டம் வழக்கமாக ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நடைபெறுவது. கொதிகலன் தொழிற்சாலையின் அருகே தொடங்கி, கோட் வீதியில் ஒரு பழைய வடிசாலையின் அயலில் முடிவது. வடிசாலையின் முற்றத்திலே பின்னர் ஊர் முழுவதுங் கூடும்.

யூற்றிக்கா எத்தகைய நகரம் என்பதை அறிந்தாலன்றி அவ்வோட்டத்தின் பொருள் புலப்படாது. மோஹோக் ஆற்றங்கரையில் அமைந்த அந்நகரத்தை 1825இல் நிறைவெய்திய ஈரிக் கால்வாய் வளர்த்தது. பின்னர் நெசவாலைகள் எழுந்தன. ஜேர்மனியரும் அயர்லாந்தினரும் இத்தாலியரும் போலந்தினரும் வேலை தேடி வந்தனர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நெசவாலைகள் தென் மாநிலங்களுக்குப் பெயர்ந்தன. அவற்றின் இடத்தை நிரப்பிய மின்பொருள், வானொலிப்பெட்டித் தொழில்களும் காலப்போக்கில் விலகின. அயலூராகிய றோமில் இருந்த விமானப்படைத் தளம் 1995இல் மூடப்பட்டது. 1960இல் ஓர் இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டிருந்த நகரத்தின் மக்கள்தொகை 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ அறுபதினாயிரமாகச் சுருங்கிற்று. நாற்பது ஆண்டுகளில் பத்திலே நான்கு பங்கினரை இழந்த நகரம் அது. வீடுகள் இருந்தன, விளக்குகள் இல்லை.

அந்தத் தேய்வின் நடுவிலேதான் ஓட்டம் தொடங்கியது. கொதிகலன் செய்யும் குடும்ப நிறுவனமொன்றைச் சேர்ந்த ஏர்ள் றீட் என்பவர் தமது நிறுவனத்தைத் தாங்கிநின்ற ஊருக்கு நன்றி செலுத்தும் வகையில் இதனைத் தொடக்கினார். அதனாலேயே அத்தொழிலின் பெயர் ஓட்டத்துக்கும் வாய்த்தது. விஸ்கியையும் பியரையும் சேர்த்துப் பருகும் ஒரு பானத்துக்கும் அங்கு அதே பெயருண்டு. தொழிலாளியின் பெயர் குடிக்கும் ஓட்டத்துக்கும் பொதுவானமை தற்செயலேயாயினும் கருத்தூன்றத்தக்கது. முதலாண்டில் ஓடியவர் சில நூற்றுவரே. பின்னர் அத்தொகை பதினாயிரத்தைக் கடந்தது. ஆபிரிக்காவிலிருந்து புகழ்பெற்ற ஓட்டவீரர்கள் வந்தனர். சக்கர நாற்காலியில் ஓடுவோருக்குத் தனிப் போட்டி அமைந்தது. அறக்கொடை நிறுவனங்களுக்கு நிதி திரட்டித் தருவோர் அந்நிறுவனங்களின் வழியாக ஓட்டத்தில் இடம்பெறும் முறையும் உண்டாயிற்று. 2020இல் பெருந்தொற்றின் காரணமாக ஊர்கூடி ஓடுதல் இயலவில்லை. அடுத்த ஆண்டில் ஜூலைக்குப் பதிலாக ஒக்டோபரில் ஓடினர். நாளை மாற்றினரேயன்றி ஓட்டத்தை மறக்கவில்லை.

ஓடுவோர் காணும் வழியும் அந்நகரத்தின் வரலாறு போன்றதே. தொடக்கத்திலே தொழிற்சாலைப் புறம். பின்னர் பூங்காவையும் கோல்ஃப் திடலையும் தழுவிச் செல்லும் ஏற்றம். ஜூலை வெயிலில் அவ்வேற்றம் பலரின் மூச்சைச் சோதிக்கும். அதன்பின் மரநிழல் கொண்ட நெடுவீதி, பல்கலைக்கழகத்தின் அயல், இறுதியில் பழைய தொழிலாளர் குடியிருப்புகளும் வடிசாலையின் செங்கற் சுவரும். வழி நெடுகிலும் வீட்டுக்காரர் வாயிலில் நிற்பர். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயால் ஓடுவோர் மீது நீர் தெளிப்பவர் சிலர். பனிக்கட்டித் துண்டுகளை நீட்டுபவர் சிலர். இசைக்குழு ஒன்றை முற்றத்திலே அமர்த்துபவர் சிலர். ஈழத்துக் கோயில் திருவிழாக்களில் வீதியோரம் அமைக்கப்படும் தண்ணீர்ப்பந்தலை அறிந்தவருக்கு இக்காட்சி அந்நியமானதன்று. பெயர் கேளாது நீர் கொடுப்பதே தண்ணீர்ப்பந்தலின் இலக்கணம். அவ்விலக்கணம் யூற்றிக்காவின் தெருக்களிலும் பொருந்தி நிற்கின்றது.

இனி, முடிவிடத்தில் நிற்கும் வடிசாலையை நோக்குவோர் அதனையும் அந்நகரத்தின் குடியேறிகளுள் ஒன்றாகவே காண்பர். ஜேர்மனியின் பாடன் பகுதியிலிருந்து வந்த பிரான்சிஸ் சேவியர் மற் என்பவரோடு தொடர்புடைய அவ்வடிசாலை 1888இல் வெஸ்ற் என்ட் கம்பனி என்னும் பெயருடன் அமைந்தது. நான்கு தலைமுறை கடந்தும் அக்குடும்பத்தின் கையிலிருந்து அது நீங்கவில்லை. மதுவிலக்கு நடைமுறையிலிருந்த பதின்மூன்று ஆண்டுகளில் இஞ்சிப்பானம் முதலிய மதுவற்ற குடிவகைகளைச் செய்து அது பிழைத்தது. நெசவாலைகளும் வானொலித் தொழிலும் ஊரை விட்டுச் சென்றபோது வடிசாலை செல்லவில்லை. ஊர் மக்கள் அதன்மீது கொண்ட பற்றுக்கு மதுவின் சுவை மட்டுங் காரணமன்று. போகாமல் இருந்தது என்பதே முதற் காரணம். கைவிடப்பட்ட ஊரிலே கைவிடாதவருக்குக் கிடைக்கும் மதிப்பு தனித்தன்மை வாய்ந்தது.

* * *

இதுவரை கூறியவற்றால் வடிசாலை ஓட்டம் குறையற்ற ஒன்றென எவரேனுங் கருதுவராயின் அது அவசர முடிவாகும். மதுவுக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவு பழையது, பெருமைக்குரியதென்று சொல்லத்தக்கதன்று. 1904இல் சென் லூயிஸ் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் வென்ற தோமஸ் ஹிக்ஸ் என்பவருக்கு வழியிலே பிராந்தியும் முட்டை வெண்கருவும் ஸ்ரிக்னீன் என்னும் நச்சுப்பொருளும் ஊட்டப்பட்டன. மது கால்களுக்கு வலுத்தருமென்ற நம்பிக்கை அக்காலத்தில் நிலவிற்று. முடிவிடத்தை அடைந்த அவர் தாமாக நிற்கவும் இயலாத நிலையில் இருந்தார். 1938இல் கோலாலம்பூரில் பிரித்தானியர் சிலர் கூடி ‘ஹாஷ் ஹவுஸ் ஹரியர்ஸ்’ என்ற ஓட்டக் கழகத்தைத் தொடக்கினர். காட்டுவழிகளில் ஓடி முடித்துப் பியர் அருந்துதல் அவர்களின் முறை. வாரவிறுதிக் குடியின் மயக்கத்தைப் போக்குதலும், நல்ல தாகத்தைத் தேடிக்கொண்டு அதனைப் பியராற் தணித்தலும் தமது நோக்கங்கள் என அவர்கள் எழுதிவைத்தனர். நகைச்சுவையாயினும் அதில் ஒரு வெளிப்படைத் தன்மை இருந்தது. அவர்கள் அறத்தின் பெயராற் குடிக்கவில்லை.

உடலியல் நோக்கிலும் இவ்வுறவு பொருந்துவதன்று. ஓடி முடித்தவனின் உடல் வியர்வையால் நீரை இழந்திருக்கும். சிறுநீர் அளவுகடந்து பிரியாமற் காக்கும் உட்சுரப்பைத் தடுப்பது மதுசாரத்தின் தன்மை. ஆகவே இழந்த நீரை ஈடுசெய்ய வேண்டிய வேளையில் அது மேலும் நீரை வெளியேற்றத் துணைபோகும். ஒரு குவளை மெல்லிய பியரால் பெருங்கேடு உடனே விளையும் என்பதன்று கருத்து. அதனை ஓட்டத்துக்குரிய மருந்தெனவும் நலத்தின் அடையாளமெனவும் காட்டுதல் பொய் என்பதே கருத்து.

இதனினும் பாரதூரமான செய்தி ஒன்றுண்டு. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவரகம் 1988இலேயே மதுபானங்களை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பனவற்றின் முதற் பிரிவிற் சேர்த்தது. மதுவில் தீங்கற்ற அளவென எதனையும் வரையறுக்க முடியாதென்று 2023 ஜனவரியில் அந்நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு அறிவித்தது. இந்நிலையில் வடிசாலை ஒன்று புற்றுநோய் மருத்துவ நிதிக்காக ஓட்டம் நடத்துமாயின் அதனை எவ்வாறு மதிப்பிடுவது? வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பர். இங்கோ இடக்கை செய்வதை வலக்கை மறைக்கின்றதோ என்ற ஐயம் எழுகின்றது.

இவ்வையம் எழும் இடத்தில் ஓர் இளைஞனின் நினைவு தவிர்க்க முடியாதது. கனடாவைச் சேர்ந்த ரெறி பொக்ஸ் பதினெட்டு வயதில், 1977இல், எலும்புப் புற்றுநோயால் வலக்காலை இழந்தான். 1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூபவுண்லாந்தின் சென் ஜோன்ஸ் நகரிலிருந்து செயற்கைக் காலோடு மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினான். ஒரு கனடியருக்கு ஒரு டொலர் வீதம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் திரட்டுவது அவன் குறிக்கோள். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். 143 நாட்கள், 5,373 கிலோமீற்றர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டெம்பர் முதலாம் திகதி தண்டர் பே நகருக்கு அண்மையில் ஓட்டத்தை நிறுத்தினான். அடுத்த ஆண்டு ஜூன் 28இல் இறந்தான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவன் உயிரோடிருக்கும்போதே அவன் கேட்ட தலைக்கு ஒரு டொலர் சேர்ந்துவிட்டது.

அவன் வணிக நிறுவனங்களின் உதவியை முற்றாக மறுத்தானல்லன். வாகனமும் எரிபொருளும் காலணியும் நிறுவனங்கள் கொடுத்தவையே. ஆனால் தங்கள் பொருளைப் புகழ்ந்து பேசுமாறு கேட்ட நிறுவனங்களை அவன் திருப்பி அனுப்பினான். நிபந்தனையோடு வந்த பணத்தைத் தொடவில்லை. தன் ஓட்டத்தால் எவரும் இலாபமடையக் கூடாதென்பதில் உறுதியாயிருந்தான். ஆண்டுதோறும் அவன் பெயரால் ஓட்டம் நிகழவேண்டுமென முன்மொழிந்தவர் இசடோர் ஷார்ப் என்னும் விடுதித்தொழில் அதிபர். தம் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1981 செப்டெம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று இலட்சம் பேர் கலந்துகொண்டனர். வணிக அனுசரணையின்றியும் வெற்றி தோல்வியின்றியும் அவ்வோட்டம் பல நாடுகளிற் பரவியது. கொடுப்பவனுக்குப் பெயர் வேண்டியதில்லை, கொடை மட்டும் போதும் என்பதற்கு அது சான்று.

* * *

யூற்றிக்காவின் ஓட்டத்தையும் ரெறி பொக்ஸின் ஓட்டத்தையும் அருகருகே வைத்து நோக்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. விருந்தளிப்பவன் வேறு, அனுசரணையாளன் வேறு. விருந்தளிப்பவன் தன் வாயிலைத் திறந்து, வந்தவர் எவராயினும் ஏற்றுக்கொள்கிறான். அனுசரணையாளன் பிறருடைய உழைப்பின் மீது தன் பெயரைப் பொறிக்கிறான். முன்னையது விருந்தோம்பல், பின்னையது விளம்பரம். ஒரே நிறுவனம் ஒரே நாளில் இரண்டையுஞ் செய்தல் கூடும். ஆகவே பெயரைக் கொண்டன்றிச் செயலைக் கொண்டே பகுத்தறிதல் வேண்டும்.

அவ்வாறு பகுத்தறிவதற்கு முதலில் நோக்கத்தக்கது பணம் எதனால் வளர்கின்றது என்பது. 2018 நவம்பரில் கலிபோர்ணியாவின் பரடைஸ் என்னும் ஊர் காட்டுத்தீயில் அழிந்தது. எண்பத்தைவர் மாண்டனர். அயலிலுள்ள சிக்கோ நகரின் சியரா நெவாடா வடிசாலை, நிவாரணத்துக்கெனத் தனியொரு பியரைக் காய்ச்சி விற்பனைப் பணம் முழுவதையுங் கொடுத்தது. நாடெங்குமுள்ள ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட வடிசாலைகள் அதே முறையைப் பின்பற்றின. அவர்களின் இரக்கம் ஐயத்துக்கிடமற்றது. எனினும் அம்முறையில், குடிப்பது கூடக்கூடக் கொடையுங் கூடும். ஓட்டத்தில் அவ்வாறன்று. கட்டணம் முன்னரே கட்டப்பட்டுவிடுகின்றது. உறவினரும் நண்பரும் தந்த பணம் முன்னரே சேர்ந்துவிடுகின்றது. குவளை நிறையுமுன் கொடை நிறைந்துவிடுகின்றது. பருகாமற் செல்பவனின் பங்கு பருகுபவனின் பங்கிற் குறைந்ததன்று. இவ்வகையில் மதுவோடு சேர்ந்த அறங்களுள் ஓட்டம் மேம்பட்டது எனலாம்.

அடுத்து நோக்கத்தக்கது, குடிக்காதவனுக்கு அந்த முற்றத்தில் இடமுண்டா என்பது. சுருங்கிய யூற்றிக்காவை 1970களின் பிற்பகுதி தொடக்கம் அகதிகள் மெல்ல நிரப்பினர். வியட்னாமியர் வந்தனர், 1990களில் பொஸ்னியர் பெருந்தொகையாக வந்தனர், பின்னர் சோமாலியரும் மியன்மாரின் கரேன் மக்களும் வந்தனர். 2020இல் நகரத்தின் மக்கள்தொகை அறுபத்தையாயிரத்தைத் தாண்டியமைக்கு அவர்களே பெருங் காரணம். நகரமண்டபத்துக்கு அருகிலிருந்த பழைய மெதடிஸ்த தேவாலயம் பொஸ்னிய முஸ்லிம்களின் பள்ளிவாசலாயிற்று. ஊரை மீட்டவர்களுட் பலர் மதுவைத் தொடாதவர்கள். குடியை விட்டொழிப்பதற்காகவே ஓடப் பழகியவர்களும் எந்த ஊரிலும் இருப்பர். இவர்கள் முடிவுக்கோட்டைக் கடக்கும்போது நீட்டப்படுவது பியர்க் குவளை ஒன்றேயாயின் அவர்கள் ஓடி வந்த பதினைந்து கிலோமீற்றரும் அயலான் தூரமாகிவிடும். மதுவிலக்குக் காலத்தில் மதுவற்ற பானங்களாலேயே உயிர்தரித்த ஒரு வடிசாலைக்கு, அத்தகைய விருந்தினரை உபசரிக்கும் வழி தெரியாததன்று.

இறுதியாக, கொடை மௌனத்துக்கு விலையாகின்றதா என்பதை நோக்க வேண்டும். ஒரு வடிசாலை நூல்நிலையத்துக்குக் கொடுக்கலாம், பசித்தோருக்குக் கொடுக்கலாம். அக்கொடையால் அதன் பொருளின் தீமை குறைந்துவிடுவதில்லை. அப்பொருளின் தீமையால் கொடையின் பயனும் அழிந்துவிடுவதில்லை. அவை இரண்டும் இரு கணக்குகள். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து மிச்சம் காட்டுதல் பிழையான கணக்கு. நன்றிக்கு உரியவருக்கு நன்றி கூறுவது முறை. நன்றியைக் காட்டிப் பாவக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள அவர் முயல்வாராயின் அதனை மறுப்பதும் முறையே.

தமிழ் மரபு இவ்விரட்டை நோக்குக்குப் புறம்பானதன்று. சங்கப் புறப்பாடல்களில் புரவலர் பாணருக்குக் கள்ளும் தேறலும் வழங்கினர். சிறிதளவு கள் கிடைத்தபோது அதனைத் தனக்கே தந்த அதியமானை எண்ணி ஔவையார் கலங்கினார். அங்கு கள் பகிர்வின் அடையாளம். வள்ளுவரோ ஒப்புரவறிதலுக்கும் ஈகைக்கும் அதிகாரம் வகுத்ததோடு கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். பகிர்ந்த கையைப் பாராட்டவும் பகிர்ந்த பொருளைக் கண்டிக்கவும் ஒரே இலக்கிய மரபால் இயன்றிருக்கின்றது. பிற்காலத்தவரே இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்தனர்.

இலங்கையில் இக்கேள்விக்குச் சட்டம் ஏற்கெனவே விடை கூறியுள்ளது. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலைக்கும் மதுசாரத்துக்குமான தேசிய அதிகாரசபையை அமைத்தது. மதுபான விளம்பரத்தையும், அவற்றின் பெயரால் நிகழ்ச்சிகளுக்கு அனுசரணை வழங்குவதையும் அது தடைசெய்தது. பிரான்ஸ் 1991இலேயே இத்தகைய அனுசரணையைத் தடுத்தது. நுவரெலியாவின் குளிரிலே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பியர் காய்ச்சிய நாடு இது. தவறணைகளை எதிர்த்து 1912ஐ ஒட்டி எழுந்த மதுவொழிப்பு இயக்கமே தேசிய உணர்வுக்குப் பயிற்சிக்களமாக அமைந்த நாடும் இதுவே. 1915இல் சிறைவைக்கப்பட்டோருள் அவ்வியக்கத்தின் தலைவர்களும் இருந்தனர். கூலி பெற்ற நாளிலேயே அக்கூலி தவறணையிற் கரைவதைக் கண்ட தோட்டத்துக் குடும்பங்களுக்கு, மதுவின் பெயர் பொறித்த கொடை எத்தகைய தோற்றந் தரும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. யூற்றிக்காவில் ஊரைவிட்டுப் போகாத நண்பனாகத் தோன்றும் வடிசாலை, இங்கு வேறொரு முகத்தைக் காட்டும். ஒரே வழக்கம் மண்ணுக்கேற்ப அறமாகவும் அறமல்லாததாகவும் மாறுகின்றது.

ஆகவே வடிசாலையை இங்கு கொண்டுவருதல் பாடமன்று. அங்கு கற்கத்தக்கது வேறொன்று. தொழில் இழந்து தேய்ந்த ஒரு நகரம், ஆண்டிலே ஒரு காலை தன் தெருக்களைத் தானே நிரப்பிக் காட்டியது. அதற்கு விதையிட்டவர் கொதிகலஞ் செய்தவர். முற்றம் ஈந்தவர் பியர் காய்ச்சியவர். ஆனால் அவ்வோட்டத்தைத் தாங்குபவர் இவ்விருவருமல்லர். குழாயைப் பிடித்துக்கொண்டு வாயிலிலே நின்ற வீட்டுக்காரரும், விடியுமுன் எழுந்து நீர்க்குவளைகளை அடுக்கிய தொண்டரும், ஏற்றத்திலே பின்தங்கியவனைப் பெயர் தெரியாமலே கூவி ஊக்கிய சிறுவருமே தாங்குபவர். அவர்களின் பெயர் எந்தச் சட்டையிலும் அச்சிடப்படுவதில்லை.

பாடசாலை மரதன் ஓட்டமும், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சனசமூக நிலையங்கள் நடத்தும் ஓட்டமும் இந்நாட்டு ஊர்களுக்குப் பழகியவையே. அவற்றில் வென்றவருக்குக் கிண்ணம் உண்டு. கடைசியாக வந்தவருக்குக் கைதட்டலும் உண்டு. அவ்வோட்டங்களுள் ஒன்றேனும் ஊரிலுள்ள ஒரு நோயாளியின் மருந்துக்கோ, ஒரு மாணவனின் புத்தகத்துக்கோ ஓடத் தொடங்குமாயின், அதற்கு முற்றம் ஈயவல்லவர் யார்? கூட்டுறவுச் சங்கமா, நூல்நிலையமா, ஆலய முன்றிலா, நெல் குற்றும் ஆலையா? இவ்வினாவுக்கு விடை ஊருக்கு ஊர் வேறுபடும். ஆனால் கொடை கால்களால் ஈட்டப்பட்டதாயும், வாயில் எல்லோருக்கும் திறந்ததாயும், கொடுத்தவர் தம் கணக்கை அதனால் தீர்த்துக்கொள்ளாதவராயும் இருத்தல் எவ்வூருக்கும் பொதுவான நிபந்தனையாகும்.